என் சருமம் எந்த வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சருமப் பராமரிப்பு பற்றி நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. என் சொந்தச் சருமத்தையே ஏழெட்டு வருடம் தப்பாகப் புரிந்துகொண்டு, அதற்கப்புறம் படித்துத் தெரிந்துகொண்ட ஆள். அந்தக் கதையும் கீழே வருகிறது.

என் சரும வகையை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஒரு கண்ணாடியும், கொஞ்சம் டிஷ்யூ காகிதமும், ஒரு மணி நேரமும் போதும். மிதமான ஃபேஸ்வாஷ் போட்டு முகத்தைக் கழுவுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அப்புறம் முகத்தில் எதையும் பூசாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். வெயிலில் அலையவோ, அடுப்படியில் நிற்கவோ, உடற்பயிற்சி செய்யவோ வேண்டாம்.

அரை மணி நேரம் கழித்து, பெரிதாக ஒரு கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்து பாருங்கள். கன்னம் இழுத்துப் பிடிக்கிறதா? வாயோரம் சுருக்சுருக்கென்று இருக்கிறதா? அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் டிஷ்யூவைச் சின்னத் துண்டுகளாகக் கிழித்து நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று ஐந்து இடங்களில் தனித்தனியாக அழுத்தி எடுங்கள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்.

ஐந்து துண்டிலும் எண்ணெய் தெரிந்தால் எண்ணெய்ப் பசைச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் தெரிந்து கன்னத்துத் துண்டு சுத்தமாக இருந்தால் கலவைச் சருமம். எதிலும் எண்ணெய் இல்லை, தோலும் இழுக்கிறது என்றால் வறண்ட சருமம். எண்ணெயும் அதிகம் இல்லை, இழுப்பும் இல்லை என்றால் சாதாரணச் சருமம். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பக்கத்தை இவ்வளவு தூரம் படிக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம்.

ஒரே நாள் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஸ்க்ரப் போட்ட மறுநாள், புது கிரீம் எரிச்சல் கொடுத்த வாரம், காய்ச்சலில் படுத்திருந்த நேரம் இதெல்லாம் கணக்கில் வராது. வேறு வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை செய்து பாருங்கள்.

டிஷ்யூவில் ஒன்று தெரிகிறது, கண்ணாடியில் வேறொன்று தெரிகிறது. எதை நம்புவது?

இங்கேதான் நான் சறுக்கினேன். மூக்கின் இரண்டு ஓரங்களிலும் புருவத்துக்கு நடுவிலும் எனக்குச் செதில் உதிரும். செதில் என்றால் வறட்சி என்று நானே முடிவு செய்துகொண்டு, கடையில் கிடைப்பதிலேயே கெட்டியான கிரீமாகப் பார்த்து வாங்கி அப்பினேன். இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் சிவந்து இன்னும் அதிகமாக உதிரும். உடனே அதைவிடக் கெட்டியான கிரீம். இப்படியே வருடங்கள் ஓடின.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர் என் முகத்தை அரை நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "தலையில் பொடுகு இருக்கா?" இருந்தது. காது மடலுக்குப் பின்னாலும் அதே செதில் இருந்தது. அது செபோரிக் டெர்மடைட்டிஸ். நம் எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை), தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று பிழைக்கிறது. சிலருடைய தோல் அதற்கு எதிராகக் கிளர்ந்து சிவந்து உதிர்கிறது. அதனால்தான் எண்ணெய் அதிகம் சுரக்கும் இடங்களில் வருகிறது. பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் கிரீமில் சில வாரங்களில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு டிஷ்யூ சோதனை செய்து பார்த்தால் மூக்கில் ஒற்றியது மட்டுமல்ல, ஐந்து துண்டுமே ஊடுருவித் தெரிந்தன. எனக்கு இருந்தது எண்ணெய்ச் சருமம்!

வித்தியாசம் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வறட்சியால் உதிரும் செதில் பொடிப்பொடியாக, வெள்ளையாக, காய்ந்து இருக்கும். பெரும்பாலும் கன்னத்தில், வாயைச் சுற்றி வரும். பொடுகு வகைச் செதில் லேசான மஞ்சள் நிறத்தில், விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி பிசுபிசுக்கும். மூக்கோரம், புருவம், முடி தொடங்கும் கோடு, காது, ஆண்களுக்கு மீசை தாடிக்கு அடியில் வரும். ஆகவே செதிலைப் பார்த்ததும் கிரீமைத் தேடாமல், எந்த இடத்தில் உதிர்கிறது, எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வகையின் பெயர் தெரிவதைவிட இது அதிகம் உதவும்.

எண்ணெய், வறட்சி, கலவை என்ற பிரிவுகளை யார் கொண்டுவந்தது?

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுசாதன வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஹெலெனா ரூபின்ஸ்டீன் பெயரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள். அதாவது இந்தப் பிரிவு வந்தது கடையிலிருந்து, ஆய்வகத்திலிருந்து இல்லை. வசதியான பிரிவுதான், ஆனால் முழுமையானது அல்ல. 2000-களில் லெஸ்லி பாவ்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் எண்ணெயா வறட்சியா, எளிதில் எரிச்சல் ஆகுமா ஆகாதா, கருமை படியுமா படியாதா, சுருக்கம் விழும் தன்மை உண்டா இல்லையா என்று நான்கு கேள்விகளை வைத்து 16 வகைகளாகப் பிரித்தார்.

லேசர் சிகிச்சைக்குப் போனால் "உங்களுக்கு டைப் 4, டைப் 5" என்று சொல்வார்களே, அது முற்றிலும் வேறு சங்கதி. 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய அளவுகோல் அது. வெயில் பட்டால் தோல் வெந்து சிவக்குமா, கறுக்குமா என்பதை வைத்து 1 முதல் 6 வரை எண் கொடுப்பார்கள். எண்ணெய்ப் பசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என் முகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு எண்ணெய் வழிகிறது?

எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்திலும் தலையிலும்தான் மிக நெருக்கமாக இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூட இல்லை. இந்தச் சுரப்பிகளை முடுக்கிவிடுவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். பெண்கள் உடம்பிலும் அவை உண்டு. அதனால்தான் பூப்பெய்தும் வயதில் முகம் பளபளக்க ஆரம்பிக்கிறது. எவ்வளவு சுரக்கும் என்பதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

"அடிக்கடி கழுவினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சுரக்கும்" என்று பலரும் சொல்கிறார்கள். இதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. சுரப்பிக்கு உத்தரவு போடுவது ஹார்மோன்தான், ஃபேஸ்வாஷ் அல்ல. ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்து தடவை கழுவாதீர்கள். எண்ணெய் கூடாவிட்டாலும் தோலின் மேலடுக்கு கெட்டுப்போய் எரிச்சலும் சிவப்பும் வரும். காலை, இரவு, நன்றாக வியர்த்த பிறகு என்று கழுவினால் போதும். நடுவில் மினுமினுத்தால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய்ச் சருமத்துக்கு எதற்கு மாய்ஸ்சரைசர்?

எண்ணெய் வேறு, நீர் வேறு. தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள்தான் செங்கல். செங்கலுக்கு இடையில் இருக்கும் சாந்து செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற கலவை. அதில் ஏறக்குறைய பாதி செராமைடு. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமல் தடுப்பது இந்தச் சாந்துதான். சுரப்பியிலிருந்து வழியும் எண்ணெய் சுவருக்கு மேலே பூசிய மெழுகு மாதிரி, அவ்வளவுதான். மேலே மெழுகு மினுங்கும்போதே கீழே சாந்து விட்டுப்போயிருக்கலாம். முகம் எண்ணெயாகவும் இருக்கிறது, கழுவினால் இழுக்கவும் செய்கிறது என்று சிலர் குழம்புவது இதனால்தான்.

பரு மருந்து போடுகிறவர்களுக்கு மாய்ஸ்சரைசர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த மருந்துகள் தோலைக் காய வைக்கும். ஜெல் வடிவத்தில், தண்ணீர் மாதிரி பரவுவதாகப் பார்த்து எடுங்கள். மருந்து எதுவும் போடவில்லை, முகம் இழுக்கவும் இல்லை என்றால் பகலில் சன்ஸ்கிரீன் மட்டுமே போதும். அதிலேயே ஈரப்பதம் தருகிற பொருட்கள் இருக்கும்.

வறண்ட சருமத்துக்கு எதைப் பார்த்து வாங்குவது?

மாய்ஸ்சரைசரில் மூன்று விதமான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், யூரியா போன்றவை நீரைப் பிடித்து வைப்பவை. செராமைடு, ஸ்குவாலேன், ஷியா வெண்ணெய் போன்றவை செல்களுக்கு இடையில் போய் நிரவி மென்மையாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, டைமெத்திகோன் போன்றவை மேலே மூடி போடுபவை. வறண்ட சருமத்துக்கு மூன்றும் கலந்தது வேண்டும். ஹயலுரானிக் அமில சீரத்தை மட்டும் போட்டுவிட்டு விட்டால் காற்று உலர்ந்த அறையில் பெரிய பலன் இருக்காது. மேலே ஒரு கிரீம் போட்டு மூட வேண்டும்.

விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிளிசரினும் பெட்ரோலியம் ஜெல்லியும்தான் எத்தனையோ ஆடம்பர கிரீம்களுக்கு முதுகெலும்பு. ராபர்ட் சீஸ்ப்ரோ 1872-இல் காப்புரிமை வாங்கிய அந்த ஜெல்லியை நீர் இழப்பைத் தடுப்பதில் மிஞ்சக்கூடியவை இன்றைக்கும் அரிது. பிசுபிசுப்பு பிடிக்காது என்பது நியாயமான காரணம், ஆனால் "பழைய சரக்கு" என்பது காரணம் ஆகாது.

பூசும் நேரமும் முக்கியம். முகம் கழுவித் துடைத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசிவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பதை நிறுத்துவதே சிலருக்குப் பாதி சிகிச்சை.

கலவைச் சருமத்துக்கு இரண்டு செட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஃபேஸ்வாஷும் சன்ஸ்கிரீனும் ஒன்றே போதும். மாய்ஸ்சரைசரைக் கன்னத்தில் தாராளமாகவும், நெற்றி மூக்கில் பேருக்கும் தடவுங்கள். பரு மருந்தைப் பரு வரும் பகுதிக்கு மட்டும் போடுங்கள். உலகத்தில் பெரும்பாலோர் முகம் ஏதோ ஒரு அளவுக்குக் கலவைதான், இதில் பயப்பட ஒன்றுமில்லை.

எது போட்டாலும் எரிகிறது. இது சென்சிட்டிவ் சருமமா?

இருக்கலாம். ஆனால் "சென்சிட்டிவ்" என்பது எண்ணெய், வறட்சி மாதிரி தனி வகை இல்லை. எண்ணெய்ச் சருமமும் சென்சிட்டிவாக இருக்கலாம், வறண்டதும் இருக்கலாம். நான் பார்த்தவரை, தனக்கு சென்சிட்டிவ் சருமம் என்று சொல்கிறவர்களில் பலர் அப்படிப் பிறக்கவில்லை, ஆறேழு பொருட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அப்படி ஆனவர்கள். ஒரே ராத்திரியில் ஆசிட் டோனர், வைட்டமின் சி, ரெட்டினால் (சுருக்கத்துக்குப் போடும் வைட்டமின் ஏ வகை), வாரம் இரண்டு ஸ்க்ரப் என்று போட்டால் எந்தச் சுவரும் பெயரும்.

நாலு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வாசனை இல்லாத மிதமான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத எளிய மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இந்த மூன்று மட்டும். எரிச்சல் அடங்கினால் தப்பு உங்கள் தோலில் இல்லை. அதன்பின் ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில் திரும்பக் கொண்டுவாருங்கள். எது எரிக்கிறது என்று தானாகவே தெரிந்துவிடும்.

எளியது போட்டும் எரிகிறது, கன்னமும் மூக்கும் அடிக்கடி சிவந்து சூடாகிறது என்றால் ரோசேசியா என்ற தோல் நோயாக இருக்கலாம். நிறம் கூடிய தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, எரிச்சலும் சூடும்தான் தெரியும். அதனால் பல நேரம் தவறவிடுகிறார்கள்.

புதிதாக ஒன்று வாங்கினால் எப்படிச் சோதிப்பது?

முழங்கை மடிப்பின் உள்பக்கம், ஒரு நாணய அளவு இடத்தில் காலையும் இரவும் தடவி வாருங்கள். ஒரு நாளில் முடிவு தெரியாது. ஒவ்வாமை மெதுவாக வரும், அதனால் ஏழு முதல் பத்து நாள் பார்ப்பது நல்லது. ஃபேஸ்வாஷ் மாதிரி கழுவிவிடும் பொருளாக இருந்தால் வழக்கமாக வைத்திருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவிவிடுங்கள். இது ஒவ்வாமையைக் காட்டும். பரு வருமா என்பதைக் காட்டாது, அதற்கு முகத்தில் போட்டுச் சில வாரம் பார்த்தால்தான் உண்டு.

குளியல் சோப்பாலேயே முகம் கழுவினால் என்ன?

சிலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 5-க்குப் பக்கத்தில். வழக்கமான சோப்பு 9 முதல் 10 வரை போகும் காரம். ஒவ்வொரு முறையும் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் பிடிக்கும். முகம் கழுவியதும் "கீச் கீச்" என்று சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்கிறோமே, அது சாந்தும் சேர்ந்து கழுவப்பட்டதன் அடையாளம். கட்டிதான் வேண்டும் என்றால், சிண்டெட் என்று சொல்லப்படும், சோப்பு இல்லாத கட்டிகள் கிடைக்கின்றன.

சன்ஸ்கிரீன் நிஜமாகவே எல்லோருக்கும் வேண்டுமா? எந்த எண்?

வெயிலால் வரும் கருந்திட்டு, பரு விட்டுப்போன தழும்பு நிறம், மங்கு, சுருக்கம் இதில் எது உங்கள் கவலையாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் இல்லாமல் மற்றவற்றுக்குச் செலவு செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் பிடிப்பது மாதிரி.

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் என்பது, தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யூவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு. 15 என்றால் சுமார் 93 சதவீதம், 30 என்றால் 97, 50 என்றால் 98 சதவீதம் தடுக்கும். ஆக 30-க்கு மேல் போகப் போக வித்தியாசம் சின்னது. பூசும் அளவில்தான் பெரிய வித்தியாசம். இந்த எண்ணெல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வருவது. நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் போடுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அதுதான் அளவு. முதல் தடவை பார்க்கும்போது "இவ்வளவா!" என்று தோன்றும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

யூவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் "பிராட் ஸ்பெக்ட்ரம்" வகையாக இருக்கட்டும். யூவிஏ ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வரும். மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கறுக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும்.

எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் அல்லது நீர்மம், வறண்டதுக்கு கிரீம், எரிச்சல் சருமத்துக்கு ஜிங்க் ஆக்சைடு வகை. ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். தினமும் சலிக்காமல் போட முடிகிற சன்ஸ்கிரீன்தான் நல்ல சன்ஸ்கிரீன்.

சாலிசிலிக், நியாசினமைடு, ரெட்டினால்... எனக்கு எது?

சரும வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஃபேஸ்வாஷையும் மாய்ஸ்சரைசரையும். இந்த மருந்து மாதிரியான பொருட்களைப் பிரச்சினையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரச்சினை இல்லை என்றால் இவை எதுவும் தேவையே இல்லை.

வெண்புள்ளி (வைட்ஹெட்), கரும்புள்ளி (பிளாக்ஹெட்) என்று தோல் துவாரங்கள் சின்னச் சின்னதாக அடைத்துக்கொள்கிறது என்றால் சாலிசிலிக் அமிலம், 0.5 முதல் 2 சதவீதம். அது எண்ணெயில் கரையும், அதனால் துவாரத்துக்குள் போய் வேலை செய்யும். சிவந்து வலிக்கும் பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு. 2.5 சதவீதமே 10 சதவீதம் அளவுக்கு வேலை செய்யும், எரிச்சல் மட்டும் குறைவு. ஒன்று, அது பட்ட துண்டும் தலையணை உறையும் நிறம் வெளுத்துப்போகும். என் நீலத் துண்டில் இன்னும் ஆரஞ்சு வட்டங்கள் இருக்கின்றன. வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நியாசினமைடு சாதுவான பொருள், எல்லா வகைக்கும் ஒத்துப்போகும். 2 முதல் 5 சதவீதம் போதும். கடைகளில் 10, 20 என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள், அதனால் எரிச்சல்தான் கூடுகிறது. வைட்டமின் சி பகலில், சன்ஸ்கிரீனுக்கு அடியில். பழுப்பு நிறமாகிவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ரெட்டினால் இரவில் மட்டும், முகம் முழுமைக்கும் ஒரு பட்டாணி அளவு. முதலில் வாரம் இரண்டு நாள், தோல் பழகிய பிறகு மெதுவாகக் கூட்டலாம். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் தவிர்த்துவிடுங்கள்.

பரு போன இடத்தில் கருமை தங்கிவிடுகிறது என்றால் அசெலாயிக் அமிலம் நல்ல தேர்வு. பருவுக்கும் கருமைக்கும் ஒன்றாக வேலை செய்யும்.

கர்ப்ப காலத்தில்?

ரெட்டினால், டிரெட்டினாயின், அடபலீன் என்று ரெட்டினாய்டு குடும்பத்தையே நிறுத்திவிடுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே நிறுத்துவது நல்லது. கருமையைக் குறைக்கப் போடும் ஹைட்ரோகுவினோனும் வேண்டாம். அசெலாயிக் அமிலம், வைட்டமின் சி, ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன் பொதுவாகப் பயன்படுத்தக்கூடியவை. எதுவாக இருந்தாலும் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

மாய்ஸ்சரைசர் என்றால் அன்றைக்கே. மற்றவற்றுக்குப் பொறுமை வேண்டும். இளம் வயதில் மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய நாலு வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடும். பரு மருந்துக்கு 8 முதல் 12 வாரம். கருமை மறையப் பல மாதம். பத்து நாளில் மாற்றம் தெரியவில்லை என்று அடுத்த சீரத்துக்குத் தாவுகிறவர்களுக்கு எதுவுமே வேலை செய்வதில்லை.

டப்பாவில் எழுதியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

முன்பக்கத்தைக் கொஞ்சம், பின்பக்கத்தை நிறைய. "ஹைப்போஅலர்ஜெனிக்" (ஒவ்வாமை குறைவு), "நான்-காமெடோஜெனிக்" (துவாரத்தை அடைக்காது), "தோல் மருத்துவரால் சோதிக்கப்பட்டது" போன்ற சொற்களுக்குப் பல நாடுகளில் சட்டப்படி கறாரான வரையறை கிடையாது. துவாரத்தை அடைக்குமா என்ற சோதனை முதலில் முயலின் காதில் செய்யப்பட்டது. அதன் முடிவு மனித முகத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை என்று பின்னால் தெரிந்தது. "இயற்கையானது" என்பதும் உத்தரவாதம் இல்லை. வாசனைத் தாவர எண்ணெய்கள் ஒவ்வாமைக்குப் பேர்போனவை.

பின்பக்கப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். ஆகவே முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் பொருள் பின்னால் கடைசி வரிசையில் ஒளிந்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: "வாசனை சேர்க்காதது" வேறு, "மணமற்றது" வேறு. இரண்டாவதில், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்கவே வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, பேக்கிங் சோடா?

மூன்றும் வேண்டாம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2-க்குப் பக்கம். அதோடு, அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வந்து மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். பேக்கிங் சோடா காரம். பற்பசை பல்லுக்கு.

மூக்கில் இருக்கும் கறுப்புப் புள்ளிகள் அழுக்குதானே? தேய்த்தால் போகுமா?

அழுக்கு இல்லை. துவாரத்தில் அடைத்திருக்கும் எண்ணெயும் இறந்த செல்லும் மெலனினும் காற்றுப் பட்டுக் கறுத்ததுதான் அந்த நிறம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மூக்கில் வரிசையாக, சமமாக, சாம்பல் நிறத்தில் தெரிபவை பெரும்பாலும் கரும்புள்ளியே அல்ல. துவாரத்தில் இயல்பாக இருக்கும் எண்ணெய் இழைகள் அவை. பிதுக்கினால் சில வாரத்தில் திரும்ப நிரம்பும். துவாரத்தைத் திறக்கவும் மூடவும் முடியாது, அதற்குத் தசை கிடையாது. சாலிசிலிக் அமிலமும் ரெட்டினாலும் அதைச் சுத்தமாக வைத்து, சின்னதாகத் தெரிய வைக்கும்.

ஒரு கிரீம் போட்டதும் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. தொடரலாமா?

உடனே உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட நாளுக்கு எழுதிக் கொடுப்பது. அழகுக்காக மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், பரு கிளம்பும், முடி முளைக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும், அதற்குப் பயந்தே மீண்டும் போடுவார்கள். நீண்ட நாள் போட்டுவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. பொருள் பட்டியலே இல்லாத கிரீம் என்றால் பாதரசம்கூட இருக்கலாம். அது தோல் வழியாகவே உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கூட இருக்கும் குழந்தைகளுக்கும் பரவும்.

ஆண்களுக்குத் தனிப் பொருட்கள் வேண்டுமா?

வேண்டாம். ஆண்களுக்கு எண்ணெய் சுரப்பு சராசரியாகக் கூடுதல், சவரம் செய்வதால் எரிச்சலும் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பு டப்பாவுக்கும் வேறு வாசனைக்கும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சீரம் கேட்கிறாள். கொடுக்கலாமா?

மிதமான ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், தோல் காய்ந்தால் மாய்ஸ்சரைசர். சுருக்கத்துக்கான ரெட்டினாலும் ஆசிடும் அந்தத் தோலுக்கு எரிச்சலைத் தவிர எதையும் தராது. பரு வந்தால் அதற்கு வைத்தியம் உண்டு, அதைத் தள்ளிப்போட வேண்டாம். தழும்பு விழுந்த பிறகு சரிசெய்வது கடினம்.

ஒருமுறை கண்டுபிடித்த வகை கடைசிவரை மாறாதா?

மாறும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எண்ணெய் சுரப்பு நன்றாகக் குறையும். ஆண்களுக்கு அவ்வளவு வேகமாகக் குறையாது. குளிர்காலம், நாள் முழுக்க ஏசி, புது மருந்து மாத்திரை, இடமாற்றம் எல்லாமே மாற்றும். இருபது வயதில் பழகிய ஃபேஸ்வாஷ் நாற்பத்தைந்தில் எரிய ஆரம்பித்தால் கம்பெனி கலப்படம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். இன்னொரு தடவை டிஷ்யூவை எடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஆழமாக, கட்டியாக வலிக்கும் பரு, தழும்பு விழும் பரு, மூன்று மாதம் கடையில் வாங்கிப் போட்டும் அடங்காத பரு. பெண்களுக்குப் பருவோடு மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் முடி வளர்ச்சியும் சேர்ந்து வந்தால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம். தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, பரவிக்கொண்டே போகும் கருமை இவற்றுக்கும் போங்கள். வடிவமோ நிறமோ அளவோ மாறும் மச்சம், ஆறாத புண் என்றால் இந்த வாரமே போங்கள். போகும்போது முகத்தில் மேக்கப் இல்லாமல் போங்கள். வீட்டில் போட்டுக்கொண்டிருக்கும் எல்லா டப்பாக்களையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது பின்பக்கங்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். "வெள்ளை டப்பா, நீல மூடி" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.